நம்பர் குத்திய சாவி

கேட்ட கூலிக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிற ஆளைக் கண்டால் சந்தனத்துக்குக் குலை நடுங்கும். திருடனைக் கண்டால்கூட அவ்வளவு பயம் கிடையாது. திருடன் எதற்கு வந்தான் என்பது பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் இரும்புப் பெட்டியும் பூட்டும் விற்கிற கடை அவனுடையது. பிறந்ததிலிருந்து அவன் காதில் விழுந்த தாலாட்டே பேரம்தான். அவன் வீட்டில் கீரைக்காரி வந்தாலும் பேரம், பெண் பார்க்கப் போனாலும் பேரம். அவனுடைய சொந்தக் கல்யாணத்தில் ஐயரிடம் அவன் தட்சிணையைக் குறைத்துப் பேச, முகூர்த்தம் தப்பிவிடுமோ என்று பெண் வீட்டார் கையைப் பிசைந்தார்கள். நயா பைசா வந்த புதிதில் ஊரே அணாக் கணக்கோடு மாரடித்துக்கொண்டிருக்க, அந்தக் குழப்பத்திலும் நாலு காசு பார்த்த குடும்பம் அது.

அப்படிப்பட்டவன் கடைக்கு அன்று காலையில் ரெங்கராஜ் வந்து நின்றான். நார்த்தாமலைப் பக்கம் ஒரு காண்ட்ராக்டருக்காகக் கல் குவாரியை நடத்துகிற மேஸ்திரி. போன வருஷம் உளி, சம்மட்டி மாதிரி ஆயுதம் வைக்கிற பெட்டிகள் நாலை இதே கடையில் வாங்கிப்போனவன். அன்றைக்குப் பெட்டிக்கு இத்தனை என்று சந்தனம் சொல்ல, பாதியில் ஆரம்பித்து, வெயில் ஏறும்வரை விடாமல் மல்லுக்கட்டியவன்.

"ஒரு பெட்டியோட சாவி தொலஞ்சு போச்சுங்க. நீங்க வந்து தொறந்து, பூட்டை மாத்திக் குடுக்கணும்" என்றான்.

சந்தனம் வழக்கப்படி உள்ளதற்கு மூன்று பங்கு கூலி சொன்னான். ஒரு பங்கு ரெங்கராஜ் அடித்துக் குறைக்க, ஒரு பங்கு தானே விட்டுக்கொடுத்த பெருமைக்கு, ஒரு பங்கு நிஜம்.

"சரிங்க. லாரி நிக்கிது, ஏறுங்க."

 சந்தனம், காது சரியாகக் கேட்கவில்லையோ என்று, "போக்குவரத்துச் செலவு தனி" என்று ஒரு கொக்கியும் போட்டுப் பார்த்தான்.

"அதுவும் சரிங்க."

வேறு யாராவது என்றால் உடம்பு சரியில்லை என்று கடைக்குள் புகுந்துகொள்ளலாம். சந்தனத்துக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. தான் வாய்விட்டுச் சொன்ன விலைக்கு எதிராளி சரி என்றுவிட்டால் பிறகு பின்வாங்கக் கூடாது; பின்வாங்கினால் லட்சுமி கல்லாப் பெட்டியை விட்டு இறங்கிப் போய்விடுவாள் என்பது அவன் குடும்பத்துக் கட்டு. பொய் சொல்லலாம், எடையில் விளையாடலாம், அதெல்லாம் லட்சுமி பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவாள். இதை மட்டும் பொறுக்கமாட்டாளாம். உளி, சுத்தி, அரம், புதுப் பூட்டு ஒன்று, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினான்.

திருச்சி ரோட்டிலிருந்து பிரிந்து மலைப்பக்கம் போகிற மண்பாதையில் லாரி கொஞ்ச தூரம் போய் நின்றது. குவாரி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இங்கயே எறங்கிக்கிடுங்க" என்றான் டிரைவர். "இதுக்கு மேல வண்டி போவாது."

பாதை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. இதே லாரியின் சக்கரத்தடம் உள்ளே போய்த் திரும்பியது புழுதியில் பளிச்சென்று தெரிந்தது. சந்தனம் தடத்தைப் பார்த்தான், டிரைவரைப் பார்த்தான். டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

குவாரியில் சத்தம் இல்லை. கல் குவாரி என்றால் சம்மட்டி விழுகிற ஓசையும் ஜல்லி கொட்டுகிற ஓசையும் ரெண்டு மைலுக்குக் கேட்கும். அங்கே ஒரு காக்கை கரைந்தது, அதுவும் எங்கேயோ தள்ளி. வேலை செய்கிற சனமெல்லாம் தூரத்தில் பெரிய பெரிய பாறைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தது. தலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. வெட்டவெளியில், ஒற்றை வேப்பமரத்தடியில், பெட்டி தனியாக இருந்தது. அவன் விற்ற பெட்டிதான். மூடியில் ஒன்று என்று வெள்ளைப் பெயின்டில் நம்பர். மற்ற மூன்றையும் பாறைகளுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"உள்ள என்ன இருக்கு மேஸ்திரி?"

"உளி, சம்மட்டி. வேற என்னங்க இருக்கப் போவுது?" ரெங்கராஜ் பத்து எட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டான்.

"வாங்களேன், ஒரு கை பிடிங்க."

"நான் இங்கிட்டே நிக்கிறேங்க. வெயிலு."

நிழல் இருந்தது பெட்டிக்கு மேல். ரெங்கராஜ் நின்ற இடத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது.

பயந்தவன் முட்டாள்தனமாக ஏதாவது செய்து சீக்கிரம் முடித்துவிடப் பார்ப்பான். சந்தனமும் அதைத்தான் செய்தான். இது தொங்கு பூட்டில்லை. மூடிக்கு உட்புறம் ரிவெட் அடித்து இறுக்கிய பூட்டு, சாவித் துவாரம் மட்டும்தான் வெளியே தெரியும். அதைத் திறக்க ஊரறிந்த வழி, துவாரத்தின் ஓரத்தில் உளியை நட்டுச் சுத்தியால் ஒரு போடு. பூட்டு உள்ளே பெயர்ந்து விழுந்துவிடும். அவன் மண்டியிட்டு, உளியை வைத்து, ஒரு அடி அடித்தான்.

பாறைகளுக்குப் பின்னாலிருந்து "ஐயோ" என்று மொத்தமாக ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தான். தெரிந்த தலைகள் எல்லாம் மறைந்துபோயிருந்தன. ரெங்கராஜ் குப்புறப் படுத்துக் காதைப் பொத்தியிருந்தான்.

ஒரே ஒரு பெண்பிள்ளை மட்டும் பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. கல் தூசி படிந்து, புருவமெல்லாம் நரைத்தவள்போலத் தெரிந்தாள்.

"அடிக்காதீங்க! கையை எடுங்க!"

சந்தனம் கையை எடுத்தான். சுத்தி தானாகவே விழுந்தது. நல்லவேளை, மண்ணில்.

"ராக்காயி! ஒன்னை யாரு போகச் சொன்னது?" ரெங்கராஜ் படுத்தபடியே கத்தினான்.

"தெரியாத மனுசன இப்பிடியா சாகக் குடுப்பீக?" என்று அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு அவள் சந்தனத்திடம் திரும்பினாள். "உள்ள வெடிக் கேப்பு கெடக்குங்க. ஒரு டப்பா நெறைய. பூட்டுக்கு நேர் கீழ, மேல்தட்டுல."

பாறையில் துளை போட்டு, மருந்து திணித்து, அதைக் கிளப்பிவிட வைக்கிற கேப்பு. விரல் நீளம்கூட இருக்காது. ஒன்றைத் தட்டினாலே கை போய்விடும். ஒரு டப்பா என்றால் கீழராஜ வீதியில் கடை மட்டும்தான் மிஞ்சும், கடைக்காரன் மிஞ்சமாட்டான்.

சந்தனத்துக்கு எழுந்து ஓடவேண்டும் என்று தோன்றியது. சரி என்று முடிந்துபோன கூலி காலைக் கட்டிப்போட்டது. பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மீதிக் கதையைக் கேட்கவேண்டியதாயிற்று.

குவாரியின் வெடிக்காரர் முனியசாமி. ஒரு கண்ணை எப்போதோ ஒரு வெடிக்குக் கொடுத்துவிட்டு ஒற்றைக் கண்ணோடு தொழில் பார்த்தவர். கேப்பை மேட்டில் உள்ள வெடிமருந்து ரூமில்தான் வைக்கவேண்டும், அதுதான் சட்டம். மருந்து ரூம் கூரை ஒழுகியதால் அவர் டப்பாவைக் கொண்டுவந்து தன் ஆயுதப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பெட்டிச் சாவி எப்போதும் அவர் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கும். குளிக்கும்போதும் அவிழ்க்கமாட்டார். போன வாரம் காய்ச்சல் கண்டு, திடுமென்று போய்விட்டார். சுடுகாட்டில் முறைப்படி அரைஞாண் கயிற்றை அறுத்துச் சிதையில் போட்டார்கள். அதில் ஒரு சாவி தொங்கியது ஒருவர் கண்ணிலும் படவில்லை. எரிந்து அடங்கிய பிறகு சாம்பலையும் வெள்ளாற்றில் கரைத்தாயிற்று.

"நாளைக்கு விடிஞ்சா திருச்சியிலேருந்து மருந்து பாக்குற ஆபீசர் வாராருங்க" என்றாள் ராக்காயி. "கேப்பு மருந்து ரூம்புல இல்லேன்னா லைசென்சு போயிரும். இம்புட்டுச் சனத்துக்கும் கஞ்சி போயிரும். இன்னைக்கே தொறந்தாகணும்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"



அதற்குப் பிறகுதான் சந்தனத்துக்கு உண்மையான பயம் வந்தது. வெடியைவிட அது பெரிதாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பெட்டியை உளி படாமல், சுத்தி படாமல், பூப்போலத் திறக்கிற சாவி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மற்ற மூன்று பெட்டிகளின் சாவியை வைத்திருக்கிறவர்கள் இடுப்பில் இருக்கிறது. மூன்றில் எதுவானாலும் சரி.

நொடித்துப்போன ஒரு வியாபாரியின் சரக்கு ஏலத்துக்கு வந்தபோது ஒரு மூட்டைப் பூட்டை அவன் அடிமாட்டு விலைக்கு எடுத்திருந்தான். அவிழ்த்துப் பார்த்தால் அத்தனை பூட்டுக்கும் ஒரே சாவி. எவனோ ஒரே அச்சில் வார்த்துத் தள்ளியிருக்கிறான். தலையில் அடித்துக்கொண்டு உட்காருகிற ஆளா சந்தனம்? எண் குத்துகிற உளியால் சாவிக்குச் சாவி வேறு வேறு நம்பர் குத்தினான். ரெங்கராஜிடம் பெட்டி விற்றபோது, "நாலும் நாலு ஜாதி மேஸ்திரி. ஒண்ணோட சாவி இன்னொண்ணுல நொழையவே நொழையாது. அதுக்குத்தான் இந்த வெலை" என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தான். சாவியில் நம்பரைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் சோதித்துப் பார்க்கவில்லை. நம்பர் குத்தியிருந்தால் போதும், நம் சனங்கள் நம்பிவிடுவார்கள்.

இன்றைக்குக் கொண்டுவந்திருந்த புதுப் பூட்டும் அதே மூட்டைதான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் அவன் திறமைக்குக் குறைவு; லாரி ஏறிய அவசரத்தில் அதன் சாவி மட்டும் கடை ஆணியிலேயே தங்கிவிட்டது.

'மேஸ்திரி, அந்த ரெண்டாம் நம்பர் சாவியைக் குடுங்க, இது தொறந்துக்கும்' என்று சொன்னால் உயிர் தப்பும். கடை தப்பாது. போகட்டும், கடைதானே என்று நினைத்துப் பார்த்தான். அப்போதுதான் பாறைகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து நிற்கிற ஆட்களின் புஜங்கள் கண்ணில் பட்டன. காலையிலிருந்து மாலைவரை சம்மட்டி தூக்குகிற புஜங்கள்.

பேரம் பேசிப் பழகிய மூளை, உயிர் போகிற நேரத்திலும் ஒரு நடுவழி கண்டுபிடித்தது.

"மேஸ்திரி!" என்று கூப்பிட்டான்.  "புதுச் சாவி அராவிப் போட்டுத்தான் தொறக்கணும். மாதிரி பாக்குறதுக்கு மத்த மூணு சாவியையும் குடுத்து விடுங்க. இதுவும் அதுகளும் ஒரே கம்பெனிதானே, பல்லு மட்டும்தான் மாறும். நான் இதுல கொஞ்சம் அதுல கொஞ்சமாப் பாத்து ஒப்பேத்திடறேன். நீங்கள்லாம் அங்கிட்டே இருங்க. யாரும் கிட்ட வரப்படாது."

யாரும் வருவதாக இல்லை; ரெங்கராஜும் எழுந்து பாறைப் பக்கம் போய்விட்டான். மூன்று சாவிகளையும் ராக்காயிதான் போய் வாங்கிவந்தாள். அதில் ஒன்றில் நீலநூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. கொடுத்துவிட்டு அவள் போவாள் என்று பார்த்தால், பெட்டிக்கு எதிரே குந்திக்கொண்டாள்.

"நீங்களும் போங்கம்மா. ஆபத்து."

"நான் போக முடியாதுங்க. தொறந்ததும் டப்பாவை மருந்து ரூம்புக்குத் தூக்கிட்டுப் போறது நான்தான். ஆம்பளை ஒருத்தரும் வரமாட்டேனுட்டாங்க. நான் தூக்குறேன், எம் புருசனத் திரும்ப வேலைக்குச் சேத்துக்கிடணும்னு மேஸ்திரிகிட்டச் சொல்லியிருக்கேன்."

"சேத்துக்கிறேன்னாரா?"

"பாப்போம்னாரு."

சந்தனம் ஒரு வெற்றுச் சாவித்தகட்டை எடுத்து அரத்தால் தேய்க்கிற பாவனையில் சத்தம் எழுப்பினான். கண் பெட்டியில் இருந்தது. நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. அது பெட்டி மேல் விழுந்து வெடித்துவிடுமோ என்றுகூடத் தோன்றியதால் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"சாவித் தொளையில துரு ஏறியிருக்கு" என்றான். "எண்ணெய் விட்டு ஊறவைக்கணும்."

குவாரி ஓரத்துக் கருப்பர் கோயில் விளக்கிலிருந்து ராக்காயி ஒரு சிரட்டையில் எண்ணெய் கொண்டுவந்தாள். கோழி இறகை அதில் தோய்த்துச் சந்தனம் சொட்டுச் சொட்டாகத் துவாரத்துக்குள் விட்டான். இனி ஊறுகிறவரை காத்திருக்கவேண்டும். நிழல் மெல்ல நகர்ந்து வெயில் பெட்டியின் ஓரத்தைத் தொட்டது. சூடு ஏறினாலும் கேப்புக்கு ஆகாது என்று எப்போதோ கேட்டது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோலப் பெட்டி மேல் போர்த்தினான்.

கருப்பரிடம் மனசுக்குள் பேச்சுவார்த்தை தொடங்கியது. முதலில் தேங்காய் என்றான். இரும்புத் தகடு வெயிலில் 'டிக்' என்று ஒரு முறை சொடுக்கியது. சேவல் என்றான். இன்னொரு முறை சொடுக்கியது. கிடாய் என்றான், கறுப்புக் கிடாய், கொம்பு வளர்ந்தது. கருப்பர் ஏற்றிக் கேட்கவும் இல்லை, குறைக்கச் சொல்லவும் இல்லை. அவரும் ரெங்கராஜ் கட்சி.

பேசாமல் இருக்க முடியவில்லை. "ஒங்க வீட்டுக்காரரை எதுக்கு நிறுத்தினாங்க?" என்று கேட்டுவைத்தான்.

கேட்டிருக்கக் கூடாது.

"ரெண்டாம் நம்பர் பெட்டி அவரு பொறுப்புங்க. மலையாண்டின்னு பேரு. காண்ட்ராக்டர் புதுசா உருக்கு உளி வாங்கிக் குடுத்தாரு, ராத்திரி வச்சுப் பூட்டுனாரு, காலையில தொறந்தா இல்லை. பூட்டு ஒடையலை. சாவி இவரு இடுப்புல. நாலும் நாலு சாவி, வேற சாவி நொழையாதுன்னு கடைக்காரரே சத்தியம் பண்ணியிருக்காரு, அப்ப நீ எடுக்காம யாருடா எடுத்ததுன்னு இந்த மரத்துல கட்டி வச்சாங்க."

சந்தனம் வேப்பமரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான்.

"கையை மேல தூக்கிக் கட்டி, வடக்கயித்தால அடிச்சாங்க. எடுக்கலையே எடுக்கலையேன்னு தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னாரு. இப்பக் கட்டுமாவடியில அடுத்தவன் போட்டுல வலை இழுக்குறாரு. கடலைக் கண்டா அவருக்குப் பயம். தண்ணியில எறங்கத் தெரியாது." அவள் நீலநூல் சுற்றிய சாவியைக் காட்டினாள். "அந்த நூலு நான் சுத்துனது. நம்பர் படிக்கத் தெரியாதுன்னு அடையாளத்துக்குச் சுத்திவிட்டேன்."

சந்தனத்தின் கை ஈரமாகி, சாவி வழுக்கியது. நூல் சுற்றியதுதான் வழுக்காமல் பிடிக்கத் தோதாக இருந்தது. வேறு வழியில்லை. இடது கையால் தகட்டின் மேல் அரத்தை இழுத்துச் சத்தம் காட்டிக்கொண்டே, உடம்பால் மறைத்து, வலது கையால் அந்தச் சாவியைத் துவாரத்தில் விட்டான். நுழைந்தது. கால்வாசி திரும்பியது. அங்கே நின்றுவிட்டது.

துரு. அழுத்தினால் உள்ளே ஏதாவது பெயர்ந்து டப்பா மேல் விழும். எடுக்கலாம் என்றால் எடுக்கவும் வரவில்லை. மூச்சை விட்டால் கை ஆடும் என்று மூச்சையும் பிடித்துக்கொண்டான்.

"அராவுற சத்தம் வருது" என்றாள் ராக்காயி, மிகவும் மெதுவாக. "பொடி ஒண்ணும் விழுகக் காணமே?"

கல் உடைக்கிறவளுக்குப் பொடி இல்லாத உளி வேலை எப்படிப்பட்டது என்று தெரியாதா? சந்தனத்தின் அரம் நின்றது. அவள் எட்டிப் பார்த்தாள். துவாரத்திலிருந்து நீலநூல் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் முகத்தில் என்ன தெரிந்தது என்று பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் கத்தவில்லை.

"திருப்புங்க" என்றாள். "மொதல்ல தொறக்கட்டும்."

இன்னும் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டான். மயிரிழை முன்னே, மயிரிழை பின்னே என்று சாவியை ஆட்டினான். உள்ளே துரு நொறுங்குகிற நறநறப்பு விரல் வழியாக ஏறிப் பல்வரை வந்தது. கருப்பருக்கு நேர்ந்த கிடாயை ரெண்டாக்கினான். சட்டென்று சாவி வழிவிட்டுச் சுழன்றது. 'ளொட்' என்று பூட்டின் நாக்கு பின்வாங்குகிற சத்தம். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். சற்று நேரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு இருப்பதை உணர்கிறவன் உயிரோடுதான் இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுத் திறந்தான்.

மூடியைத் தூக்கியது ராக்காயி. மேல்தட்டில் டப்பா இருந்தது. அவன் உளி அடித்த இடத்துக்கு நேர் கீழே. அதைச் சுற்றித் துணி மெத்தை. இரண்டு கையாலும் அதை எடுத்து, கைப்பிள்ளையைப்போல இடுப்பில் அணைத்துக்கொண்டு எழுந்தாள். கீழ்த்தட்டில் முனியசாமியின் பழைய ஆயுதங்களுக்கு நடுவே, எண்ணெய்க் காகிதப் பொட்டலம் ஓரம் கிழிந்து, பளபளவென்று புது உருக்கு உளிகள் கிடந்தன. தலையில் காண்ட்ராக்டர் முத்திரை.



"முனியசாமி மாமாவுக்கு ஒத்தைக் கண்ணு" என்றாள் அவள், தனக்குள் பேசுவதுபோல. "நாலு பெட்டியும் ஒரே நெறம். இருட்டோட வந்து ரெண்டாம் பெட்டியத் தம் பெட்டின்னு தொறந்திருக்காரு. தொறந்துக்கிச்சு. தொறந்தா நம்ம பெட்டிதானேன்னு பொட்டலத்தோட எடுத்து, பெறகு இதுல போட்டுட்டாரு. அடுத்தவன் பெட்டியில எடுத்தோம்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

திருடனே இல்லாத திருட்டு. அதற்கு ஒருவன் மரத்தில் தொங்கி அடிபட்டிருக்கிறான்.

சந்தனத்துக்குத் தெரிந்தது ஒரே வித்தை. அதை எடுத்தான். "ஆத்தா, கேளுங்க. உளி முனியசாமி பெட்டியில கெடந்துச்சுன்னு சொல்லுவோம். அவருதான் எடுத்துட்டாருன்னு ஆயிரும். ஒங்க புருசன் மேல பழி போயிரும். போதும்ல? சாவிப் பேச்சு எதுக்கு?"

"செத்த மனுசனத் திருடனாக்கச் சொல்றீங்களா?"

"சரி, இன்னைக்குக் கூலி பூராவும் ஒங்களுக்கு."

அவள் பேசவில்லை.

"புதுக்கோட்டையில எனக்கு ஆளுக இருக்கு. ஒங்க வீட்டுக்காரருக்குக் கடையிலயே வேலை போட்டுத் தாரேன். நெழல்ல ஒக்காந்து பாக்குற வேலை."

பேசவில்லை.

"பொட்டப்புள்ளை இருக்கா? ஒரு டிரங்குப் பெட்டி, சீருக்கு..." அவனுக்கே தன் குரல் சகிக்கவில்லை. "நீங்களே ஒரு வெலை சொல்லுங்களேன்!"

ராக்காயி விலை சொல்லவில்லை. டப்பாவை அணைத்தபடி, ஒரு கை தூரத்தில், அசையாமல் நின்றாள். நடக்கவேண்டியவள் நடக்காமல் நிற்பதைப் பார்த்து ரெங்கராஜ் தூரத்திலிருந்து, "ஏ ராக்காயி, என்ன அங்க பேச்சு? தூக்கிட்டுப் போ!" என்று அலறினான்.

"கை வலிக்குதுங்க" என்றாள் அவள் சந்தனத்திடம். பயமுறுத்துகிற குரல் இல்லை. உள்ளதைச் சொல்கிற குரல். "ரொம்ப நேரம் இப்பிடி வச்சிருக்க முடியாது. நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் நடந்துருவேன்."

சந்தனம் டப்பாவைப் பார்த்தான். அவள் முழங்கை லேசாக நடுங்கியது. பாறைப் பக்கம் பார்த்தான். புஜங்கள். இந்தப் பக்கம் சாவு சட்டென்று வரும், அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். வாழ்க்கையில் முதல்முறையாக, நடுவில் எந்த விலையும் இல்லை.

"மேஸ்திரி!" என்று கத்தினான். "சாவி... நாலுக்கும் ஒரே சாவிதான்! நம்பரு நான் குத்துனது! மலையாண்டி எடுக்கலை!"

குவாரிச் சுவர்கள் அதை ரெண்டு முறை திருப்பிச் சொல்லின. ஒரு முறை சொல்லவே அவனுக்குக் கட்டுப்படியாகவில்லை.

ராக்காயி திரும்பி மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினாள். ஒவ்வொரு அடியையும் மண்ணைத் தடவிப் பார்த்து வைத்தாள். அவள் மருந்து ரூமுக்குள் போகிறவரை ஒரு சனமும் இடம் விட்டு அசையவில்லை. பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகப் பாறைகளைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ரெங்கராஜ் முதல் பெட்டிக்குள் பார்த்தான். உளிகளைப் பார்த்தான்.  மற்ற மூன்று பெட்டிகளையும் கொண்டுவந்து வைக்கும்படி கையைக் காட்டினான். வேப்பமரத்தடியில் நாலும் வரிசையாக அமர்ந்தன.

"தொறங்க" என்றான்.

சந்தனம் நீலநூல் சாவியால் இரண்டாம் பெட்டியைத் திறந்தான். மூன்றாம் பெட்டி, அதுவும் திறந்தது. நாலாவதில் துவாரம் அகப்படவில்லை. யாரோ ஒருவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து வழிகாட்டினார். அந்தக் கை கல்லைப்போல இருந்தது. அதுவும் திறந்தது.

மேட்டிலிருந்து ராக்காயி வெறுங்கையோடு இறங்கி வந்தாள். ரெங்கராஜ் அவளைப் பார்த்து, "கட்டுமாவடிக்கு ஆள் அனுப்பு. மலையாண்டிய வரச் சொல்லு" என்றான். அவ்வளவுதான். அவள் சாவியிலிருந்து நூலைப் பிரித்தெடுத்து, மடியில் செருகிக்கொண்டாள்.

சந்தனம் பையைக் கையில் எடுத்தான். ஒருவரும் வழி விடவில்லை, மறிக்கவும் இல்லை. சும்மா நின்றார்கள்.

"கூலியில பாதி கொறச்சுக்கிறேன் மேஸ்திரி" என்றான்.

ரெங்கராஜ் திறந்து கிடந்த மூடிகளை ஒவ்வொன்றாகச் சாத்தினான்.

"கூலியே வேண்டாம். நாலு பெட்டிக்கும் நாலு பூட்டு, திண்டுக்கல் பூட்டு, நானே கொண்டாந்து மாட்டித் தாரேன்."

கூட்டத்தில் ஒருவன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தான். தாழ்ந்த கிளையில், பட்டை தேய்ந்த இடத்தில், பழைய வடக்கயிற்றின் துண்டு ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதிகம்னா அதிகம்னு சொல்லுங்க, கொறைச்சல்னா கொறைச்சல்னு சொல்லுங்க" என்றான் சந்தனம்.  "ஏதாவது சொல்லுங்க மேஸ்திரி. ஒரு வெலை சொல்லுங்க."

ரெங்கராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.